ஈக்கும் ஒரு நாள் லீவு

சார், நீங்கள் சொன்னது பொய். அந்த ஆயுத பூஜையில் பதினெட்டு டிகிரி பெட்டியை நான் கவனக்குறைவாக அணைக்கவில்லை. நீங்கள் அணைக்கச் சொன்னீர்கள், அணைத்தேன். சொல்லும்போது உங்கள் ஒரு கையில் பொரிகடலைப் பொட்டலம் இருந்தது. இன்னொரு கையில் பாதி கடித்த வாழைப்பழம் இருந்தது. அவ்வளவு துல்லியமாக எனக்கு நினைவிருக்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் அட்டெண்டர். பன்னிரண்டு வருஷமாக என் முக்கிய வேலை ஈக்குச் சோறு பொங்குவது. வாழைத்தாரைச் சுற்றிச் சிவப்புக் கண்ணோடு பொடி ஈ மொய்க்குமே, அதுதான் பழ ஈ. உடம்பு எப்படி வளர்கிறது என்பதை உலகம் முழுக்க அந்த ஈயை வைத்துத்தான் படிக்கிறார்கள். அதற்கு மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுக் கூழ் காய்ச்ச வேண்டும். கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். இறக்கிக் கொஞ்சம் ஆறியபிறகு, பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு நெடி அடிக்கிற அமிலம் ஊற்ற வேண்டும். பிறகு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, பஞ்சு அடைத்து, அடுக்க வேண்டும்.

வெல்லம் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து நானே வாங்கி வருவேன். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கடை வெல்லத்தில் சுண்ணாம்பு அதிகம். ஈ அதைத் தின்னும், ஆனால் முட்டை குறைவாக இடும். இதை எந்தப் புத்தகத்திலும் பார்த்து நான் சொல்லவில்லை. குப்பியைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஈஸ்டும் அமிலமும் சேர்ந்த வாசனை சேலையில் ஏறினால் இறங்காது. சாயங்காலம் வில்லாபுரம் பஸ்ஸில் நான் உட்கார்ந்தால், பக்கத்துச் சீட்டு அம்மா தன் பையைத் திறந்து இட்லி மாவு வாளியை மோந்து பார்ப்பாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்குக் கப்பலூரில் இரும்பு உருக்குகிற சின்னக் கம்பெனியில் வேலை. தெருவில் யார் கேட்டாலும், "எங்க வீட்டம்மாவா? காலேஜ்ல ஈ ஓட்டுது" என்பார். பன்னிரண்டு வருஷமாக அதே ஒரு ஜோக்கைச் சொல்லிப் பன்னிரண்டு வருஷமாக அவரே சிரிக்கிறார்.

நான் தப்பே செய்யாதவள் என்று சொல்ல வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை கூழில் ஈஸ்ட் போட மறந்துவிட்டேன். ஒரு அண்டா முழுக்க. புழுக்கள் எப்போதும் போல நெளிந்தன, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நாள் கடந்தும் கூடு கட்டவில்லை. கடைசியில் கூட்டிலிருந்து வந்த ஈ ஒவ்வொன்றும் கடுகில் பாதி இருந்தது. இறக்கை, கால், கண் எல்லாம் சரியாக இருந்தன. அளவுதான் சின்னது. பொம்மைக் கடையில் வாங்கிய மாதிரி. அன்றைக்கே போய், "ஈஸ்ட் போட மறந்தது நான்தான் சார்" என்று சொன்னேன். அப்போது இந்த ஈ வேலையைக் கவனித்தவர் வேறொரு பேராசிரியர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அது ஏன் அப்படி ஆனது என்று சொன்னார்.

புழு தின்கிற சாப்பாட்டில் சத்து இருக்கிறதா என்று அதன் உடம்பு பார்த்துக்கொண்டே இருக்குமாம். சத்து இருந்தால் அதன் மூளையிலிருந்து இன்சுலின் மாதிரி ஒன்று கிளம்பும். அது போகிற இடத்தில் எல்லாம் செல்லுக்கு "வளரு" என்று சேதி. சத்து இல்லை என்றால் சேதி குறையும், செல் வளர்வதும் குறையும், ஈ சின்னதாக வெளியே வரும். எனக்குச் சர்க்கரை உண்டு. ஈக்கும் எனக்கும் ஒரே சரக்கில்தான் பிரச்சினை என்று அன்றைக்குத் தெரிந்தது. வீட்டில் சொன்னேன். "அப்ப நீயும் வெல்லத்தக் கொறச்சுக்க" என்றார் வீட்டுக்காரர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தப்பை நான் மறைக்கிறவள் இல்லை. அது முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

அந்தப் பழைய பேராசிரியர் ஓய்வு பெற்றபோது அவரிடம் ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். அவளும் அவளுடைய ஈக்களும் இப்போதைய துறைத்தலைவர் தலையில் வந்து விழுந்தார்கள். இவர் மீன் ஆள், தொடக்கத்தில் நான் கூப்பிட்ட சார் இவர்தான். மீனின் செதிளைப் பார்த்து வயது சொல்வார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஈயைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது பறக்கும் என்பது.

மாணவி குருக்கள் வீட்டுப் பெண். வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். இங்கே வந்து காலையிலிருந்து மாலை வரை ஊசிமுனையால் ஆண் ஈயின் வயிற்றைத் திறந்து விதைக்கொட்டையை எடுப்பாள். ஈயின் விதை உருண்டையாக இருக்காது. சுருண்ட மஞ்சள் குழாய் மாதிரி இருக்கும். இதை ஊரில் எங்கள் சித்தி மகனிடம் சொன்னேன். ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிறவன். "ஈக்கெல்லாமா?" என்று கேட்டுவிட்டுத் தன் மாட்டைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தக் குழாயின் நுனியில்தான் அவள் ஆராய்ச்சி. ஒரு நாள் கூழ் ஆறுகிற நேரத்தில் எனக்குச் சொன்னாள். நுனியில் சின்னக் கொத்தாகக் கொஞ்சம் செல் உட்கார்ந்திருக்கும். அதைத் தொட்டுக்கொண்டு வட்டமாக ஏழெட்டு ஸ்டெம் செல். தமிழ்ப் புத்தகத்தில் அதைக் குருத்தணு என்று போட்டிருக்கிறார்கள் என்றாள். நல்ல பெயர். வாழையில் குருத்து இருக்கிறவரை இலை வந்துகொண்டே இருக்கும். ஈயிலும் அப்படித்தான், இந்த ஏழெட்டு இருக்கிறவரை விந்து வந்துகொண்டே இருக்கும்.

"அது ஏன் குருத்தாவே இருக்கு? அதுவும் முத்திப் போகாதா?" என்று கேட்டேன்.

"நடுவுல இருக்கிற கொத்து விடாம சொல்லிக்கிட்டே இருக்கும்க்கா, இப்படியே இருன்னு. தொட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் அது கேக்கும். ஒரு செல் ரெண்டா பிரியும்போது ஒண்ணு அங்கயே ஒட்டிக்கும். இன்னொண்ணு தள்ளிப் போயிரும். தள்ளிப் போனதுக்குச் சத்தம் கேக்காது. அது முத்தி விந்தாயிரும்."

"அப்ப கூப்பிடு தூரந்தான் கணக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் கரண்டியைக் கழுவப் போனேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் வளர்த்த ஈக்குள் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். பதினெட்டு டிகிரி குளிரில் இருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும், ஈ சாதாரணமாக இருக்கும். முப்பது டிகிரி பக்கம் கொண்டுபோனால் சுவிட்ச் எரியும். எரிந்தால் அந்த ஏழெட்டுக் குருத்துச் செல்லும், நடுவிலிருந்து என்ன சேதி வந்தாலும் கேட்காமல், மொத்தமாக முத்திப் போகும். நுனி காலியாகும். அவள் திட்டம் இதுதான்: ஆண் ஈக்களைக் குளிரில் வளர்க்க வேண்டும், பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் சூட்டுப் பெட்டிக்கு மாற்றி அங்கேயே விட்டுவிட வேண்டும், இடம் எப்படிக் காலியாகிறது என்று நாள்தோறும் எண்ண வேண்டும். திரும்பக் குளிருக்குக் கொண்டுவருவது என்ற பேச்சே அவள் திட்டத்தில் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் ஈ மெதுவாகத்தான் வளரும். மாசக்கணக்கில் பார்த்துப் பார்த்து அறுபது குப்பி சேர்த்திருந்தாள். எல்லாம் பதினெட்டு டிகிரி பெட்டியில் இருந்தன. மதுரை வெயிலில் பதினெட்டு டிகிரி என்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் உண்டு.

அதுவரை ஆயுத பூஜைக்கு எங்கள் துறையில் பெட்டியை அணைக்கிற வழக்கம் இல்லை. மைக்ரோஸ்கோப், தராசு, கத்தரி எல்லாவற்றையும் துடைத்து மேஜையில் வைப்போம். விபூதி, சந்தனம், குங்குமம். பெட்டிகளுக்கு ஓடும்போதே பொட்டு வைப்போம். நான் சொல்கிற பூஜைக்கு முந்தின வருஷம், பூஜை முடிந்து பத்தே நாளில் ஒரு பெட்டியின் கம்ப்ரசர் போய்விட்டது. அது பழைய பெட்டி, போகத்தான் செய்யும். ஆனால் துறைத்தலைவர் அதை மனதில் வைத்துக்கொண்டார். ஓய்வு கொடுக்காமல் பொட்டு மட்டும் வைத்தால் கருவிக்குக் கோபம் வரும் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பூஜை நடந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டு நாளும் விடுமுறை. அதனால் முதல் நாளே மாலையில் துறையில் பூஜை போட்டோம். வாசலில் வாழைக்கன்று, காகிதத் தோரணம், மாணவர்கள் பைக்குக்கெல்லாம் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைத்ததில் ஒரு சில்லு பறந்து துறைத்தலைவர் கார் கண்ணாடியில் ஒட்டியது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். குருக்கள் வீட்டுப் பெண் என்பதால் மாணவிதான் சூடம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. காட்டினாள். சுண்டல் உப்பு சரியாக இருந்தது, அது நான் செய்தது.

நாலு மணி இருக்கும். துறைத்தலைவர் கையில் பொரியோடு ஆய்வகத்துக்குள் வந்தார். எல்லாப் பெட்டியையும் அணைத்துவிடச் சொன்னார். விஜயதசமி முடிந்து திறக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் உடனே அணைக்கவில்லை.

"சார், பதினெட்டு டிகிரி பெட்டில பாப்பாவோட ஈ இருக்கு."

"இருக்கட்டும்மா. ஈக்கும் ஒரு நாள் லீவு குடு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். மாணவி சூடத் தட்டோடு நின்றுகொண்டு, "சார், அது வந்து…" என்று ஆரம்பித்தாள். ரெண்டு நாளில் உன் ஈ ஒன்றும் செத்துவிடாது, சாமி காரியத்தில் குறுக்கே பேசாதே என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான், ஈ சாகவில்லை. நான் சுவிட்சை அணைத்தேன். அறையைப் பூட்டினேன். சாவி என்னிடம் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது வீட்டுக்காரர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "ஏ புள்ள, எங்க கம்பெனில இம்புட்டுப் பெரிய பூஜை போடுறோம், கெடா வெட்டுறோம். உலைய அணைப்பமா? உள்ள இரும்பு கெட்டியாப் போகும்ல. பொட்டு மட்டுந்தான் வப்போம். படிச்ச ஆளுக, இது தெரியாதா?" என்றார். இரண்டு நாள் விடுமுறையும் எனக்கு அதே நினைப்பு. போய் அறையைத் திறந்து பெட்டியைப் போடலாம் என்றுகூட நினைத்தேன். துறைத்தலைவர் சொல்லாமல் திறந்தால் அதுவும் என் தலையில் விழும் என்று விட்டுவிட்டேன். விட்டது என் தப்பு. அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திறந்தேன். பெட்டிக்குள் இருக்கிற வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. தினமும் டிகிரி எழுதுகிற பதிவேடு ஒன்று உண்டு, அதை எழுதுவது நான். எழுதினேன்: "31. பூஜைக்காகப் பெட்டி அணைத்திருந்தது. சார் சொன்னபடி." பிறகு சுவிட்சைப் போட்டேன். பெட்டி குளிர ஆரம்பித்தது.

மாணவி வந்தாள். நாலைந்து ஈயை எடுத்து அறுத்துப் பார்த்தாள். நுனி காலி. ஏழெட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று, சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் முத்திப் போயிருந்தன. நாளுக்கு நாள் எண்ண வேண்டியது எண்ணாமலே முடிந்துவிட்டது. மேஜையில் தலையை வைத்து அழுதாள்.

துறைத்தலைவர் வந்தார். அறையில் ஆசிரியர்கள், மாணவர்கள் என்று ஏழெட்டுப் பேர். அவர்களில் பாதிப் பேர் அன்று பொரி தின்று சிரித்தவர்கள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"யாரக் கேட்டும்மா பெட்டிய அணைச்ச?"

எனக்கு முதலில் ஜோக் என்றுதான் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஜோக் இல்லை. "நீங்கதான சார் சொன்னீங்க" என்றேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, பொறுப்பில்லாதவர்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்று கேட்டார். அந்தக் குப்பிகளை எல்லாம் இன்றைக்கே கொட்டிவிடச் சொன்னார். பொரி தின்றவர்கள் ஒவ்வொருவராக வகுப்புக்குக் கிளம்பினார்கள். மறுநாள் மெமோ வந்தது. மின்சாரத்தைக் கவனக்குறைவாக நிறுத்தி ஆய்வுக்குச் சேதம் விளைவித்ததற்கு எழுத்தில் விளக்கம் தரவும் என்று இருந்தது. இரண்டு வரியில் விளக்கம் எழுதினேன். துறைத்தலைவர் அணைக்கச் சொன்னார். அணைத்தேன்.

அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, தன்மையாகத்தான் பேசினார். இப்படி எழுதினால் மேலே பிரச்சினையாகும், "தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று மாற்றி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே மெமோவை முடித்துவிடுகிறேன் என்றார். எங்கள் அம்மா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவள். செய்யாத தப்புக்கெல்லாம் "தெரியாம நடந்துபோச்சு சாமி" என்று சொல்லிச் சொல்லியே அந்த வேலையைக் காப்பாற்றிக்கொண்டவள். அந்த வாக்கியம் என் காதுக்கு ரொம்பப் பழக்கம். அதை எழுதுவதற்கு அவள் என்னைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைக்கவில்லை. முடியாது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அந்த மெமோ என் கோப்பில் முடியாமல் கிடக்கிறது. அது கிடக்கிறவரை ஆய்வக உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியலுக்கு என் பெயர் போகாது. இரண்டு முறை பட்டியல் போய்விட்டது. எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் உதவியாளர் ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக் கூழ் காய்ச்சக் கற்றுக் கொடுத்தது நான்.

இனி சந்தோஷமான பகுதிக்கு வருகிறேன்.

குப்பிகளைக் கொட்டச் சொன்னார் அல்லவா, நான் கொட்டவில்லை. அறிவியல் ஆர்வம் ஒன்றும் கிடையாது. கோபம். எங்கள் ஊரில் வரப்புத் தகராறு என்றால் எல்லைக் கல்லைப் பிடுங்க விட மாட்டோம். இந்த அறுபது குப்பியும் என் எல்லைக் கல். நாளைக்கு யாராவது நேர்மையான ஆள் விசாரணைக்கு வந்தால், இந்தா பார் ஈ என்று காட்ட வேண்டாமா? பதினெட்டு டிகிரி பெட்டியின் கீழ்த்தட்டில், காலிக் குப்பிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மூன்று நாளுக்கு ஒரு தரம் புதுக் கூழுக்கு மாற்றினேன். நல்ல வெல்லம், தாராளமாக ஈஸ்ட். சாட்சியைப் பட்டினி போடக் கூடாது.

ஒன்பது பத்து நாள் போயிருக்கும். மாணவி தினமும் வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புது ஈ வளர இன்னும் மாசக்கணக்கு ஆகும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். ஒரு நாள் கீழ்த்தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது கொட்டலயாக்கா?"

"கொட்டல. சும்மா உக்காந்திருக்கதுக்கு நாலு ஈயப் பிடிச்சு அறு. கையாச்சும் பழகும்."

அறுத்தாள். சாயம் போட்டாள். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "நீங்க பாருங்க" என்றாள்.

இருட்டில் ஒரு சின்னப் பூ. நடுவில் கொத்து, அதைச் சுற்றி இதழ் வைத்த மாதிரி செல். எண்ணினேன். ஆறு. அடுத்ததில் ஏழு. காலியாகக் கிடந்த இடம் நிறைந்திருந்தது.

"எங்கருந்து வந்துச்சு?"

தள்ளிப் போய், பாதி முத்திய செல்களே திரும்பி வந்திருக்கின்றன என்றாள். பெட்டி குளிர்ந்ததும் சுவிட்ச் அணைந்துவிட்டது. நடுவில் இருக்கிற கொத்து அங்கேயேதான் இருந்தது, அது கூப்பிடுவதை நிறுத்தவே இல்லை. கேட்கிற தூரத்தில் பாதி முத்தியது எது இருந்ததோ அது திரும்பி வந்து, காலி இடத்தில் ஒட்டிக்கொண்டு, மறுபடி குருத்தாகிவிட்டது. வெளிநாட்டில் வேறு ஆட்கள் இந்த மாதிரி முன்பே பார்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். ஆனால் அவளுடைய ஈயில், அவள் பார்க்கிற சேதியில், யாரும் பார்க்கவில்லையாம். அழுதுகொண்டே சிரித்தாள். நான் அவளுக்கு மிச்சமிருந்த வெல்லக் கட்டி ஒன்றைக் கொடுத்தேன். ஈ வெல்லம்தான், இரண்டு பேரும் தின்றோம்.

பிறகு அவள் ஆராய்ச்சியே அதுவாகிப் போனது. எத்தனை நாளில் ஒன்று வருகிறது, எத்தனை நாளில் இடம் நிறைகிறது, கூழில் ஈஸ்டைக் குறைத்தால் திரும்பி வருவது தாமதமாகிறதா என்று வரிசையாகப் பார்த்தாள். ஈஸ்ட் குறைந்த கூழுக்கு நான்தான் பக்குவம் சொன்னேன். அதில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

அடுத்த வருஷம் எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கு. வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். நான் டீத் தட்டோடு பின்னால் நின்றேன். துறைத்தலைவர் மேடையில் மாணவியின் படங்களைப் போட்டுக் காட்டினார். பூ திரையளவு பெரிதாகத் தெரிந்தது. நன்றாகத்தான் பேசினார். சூட்டில் அறுபத்தைந்து மணி நேரம் வைத்து, பிறகு குளிருக்கு மாற்றுவது என்று தாங்கள் திட்டமிட்டதாகச் சொன்னார்.

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா எழுந்து கேட்டார். எல்லோரும் நாற்பத்தெட்டு மணி நேரம் அல்லது எழுபத்திரண்டு மணி நேரம் வைப்பார்கள், நீங்கள் ஏன் அறுபத்தைந்து வைத்தீர்கள்?

பல அளவுகளை யோசித்துப் பார்த்து இதுதான் பொருத்தமானது என்று முடிவு செய்தோம் என்றார் துறைத்தலைவர். மாணவிக்கு டீ புரையேறி இருமல் நிற்கவில்லை. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையில் தட்டினேன்.

மாலை நாலு மணிக்குப் பொரி. இடையில் இரண்டு நாள் விடுமுறை, அதற்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் சாவியோடு வந்தேன். எண்ணிப் பாருங்கள், அறுபத்தைந்து.

கருத்தரங்கு முடிந்து எல்லோரும் போனபிறகு அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் போனேன்.

"சார், ப்ளான் போட்டு அணைச்சது நீங்கன்னா எம்மேல மெமோ எதுக்கு? நாந்தான் தெரியாம அணைச்சேன்னா மேடையில ப்ளான்னு எதுக்குச் சொன்னீங்க? ரெண்டுல ஏதாச்சும் ஒண்ணு வச்சுக்கங்க."

அவர் சிரித்தார். "விடும்மா, நல்லதுதான நடந்துச்சு" என்றார். எனக்கு விடத் தெரியவில்லை.

அப்போதே எழுதியிருப்பேன். மாணவியின் பட்டம் அவர் கையெழுத்தில் இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இந்த வருஷம் அவளுக்குப் பட்டம் வந்துவிட்டது. வெளியூரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். போன வாரம் போனில் கேட்டேன், எழுதட்டுமா என்று. "எழுதுங்கக்கா. சூடத் தட்டோட நான் பக்கத்துலதான் நின்னேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

இதில் எனக்கு வருத்தத்தைவிடச் சிரிப்புதான் அதிகம். பூஜை போட்டு ஒரு கண்டுபிடிப்பு வந்தது இந்த மதுரையில்தான் நடக்கும். வீட்டுக்காரர் கப்பலூரில் இதைச் சொல்லிவைக்க, போன பூஜைக்கு அவர்கள் கம்பெனியில் உலைக்குப் பொட்டு வைக்கும்போது, "அணைச்சுப் பாப்பமா மாப்ள, தங்கம் கிங்கம் வருதான்னு" என்று கேட்டார்களாம். ஆனால் சிரிப்பு ஒரு பக்கம், மெமோ ஒரு பக்கம். அந்தக் காகிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அடுத்த பட்டியல் தை மாதம் போகிறது.

சார், இப்போது உங்களிடம் பேசுகிறேன். வருகிற வாரம் மறுபடி ஆயுத பூஜை. பெட்டிகளை இந்த முறை நான் அணைக்க மாட்டேன், பொட்டு மட்டும் வைப்பேன். சுண்டலும் நானே செய்கிறேன். டிகிரிப் பதிவேடு ஆய்வக அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, அந்தத் தேதிப் பக்கம் கிழியாமல் இருக்கிறது. இனிமேல் கிழிந்தால் அதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் அறைக்குக் கூப்பிட்டுத் தன்மையாகப் பேச வேண்டாம், நான் வர மாட்டேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் அதே ஆய்வகத்தில் நிற்பார்கள். பொரி கொடுப்பதற்கு முன்னால், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பெட்டியை அணைக்கச் சொன்னது யார்? ஏன் அறுபத்தைந்து மணி நேரம்?